மூன்று நூல் குறைவு

கார்மேகம் தன் கல்யாணத்தன்று மணவறையிலிருந்து இரண்டு முறை எழுந்தவர். முதல் முறை, உட்கார்ந்திருந்த மணைப்பலகை ஆடுகிறது என்று எழுந்து, தென்னமட்டையில் ஒரு சில்லு சீவி அடியில் செருகினார். இரண்டாம் முறை, செருகியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எழுந்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளை, தாலி கட்டுற உத்தேசம் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்த சரோஜாவுக்கு, தனக்கு வாய்த்திருப்பது என்ன மாதிரி ஆள் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

பரமக்குடிப் பக்கத்து மரவேலைக்காரர் அவர். சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது; இவருக்குக் கோணல் ஒத்துக்கொள்ளாது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் இவர் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி மிதக்கும், மட்டம் பார்க்கிற கருவி. குமிழி நடுவில் நின்றால் கார்மேகத்தின் முகம் தெளியும். ஓரத்துக்கு ஓடினால் அன்றைக்குச் சோறு இறங்காது. தோஹாவில் முதன்முதலாக வந்து இறங்கி, மெடிக்கல் டெஸ்ட்டுக்கு வரிசையில் நின்றபோது, எதிர்ச் சுவரில் கண் பரிசோதனைப் பலகை சாய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டார். வரிசையை விட்டுப் போய் அதை நேராக்கினார். திரும்பி வந்தபோது இடம் போய்விட்டது, கடைசி ஆளாக நின்றார். "கண்ணு நல்லா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சிருக்கணும். அப்புறமும் கிட்டக்க வந்து வெளிச்சத்த அடிச்சுப் பாத்தாக" என்று பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார்.

தோஹா தொழில்பேட்டையில், எல்லோரும் சனாயா என்று சொல்கிற அந்தப் புழுதிக் காட்டில், அவர் வேலை பார்த்த தச்சுக்கூடம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கடைக்குட்டி. நாள் முழுக்க, மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுத்துச் சமையலறை அலமாரியும் ஆபீஸ் தடுப்பும் செய்வார்கள். அதை மரம் என்று சொல்ல கார்மேகத்துக்கு வாய் வராது, "அட்டை" என்பார். அட்டையானால் என்ன, அதையும் மட்டம் பார்த்துத்தான் நிறுத்துவார். கேம்ப்பில் அறுபது கட்டிலுக்கும் கால் சரிபார்த்துக் கொடுத்தவர் அவர்தான். மெஸ் மேஜையில் சாம்பார் ஒரு பக்கமாக ஓடாமல் இருக்கிறது என்றால் அது அவர் செய்த புண்ணியம். "ரசமட்டம்" என்றே பேர் விழுந்துவிட்டது. பேர் வைத்தவர் பக்கத்துக் கட்டில் செய்கு அலாவுதீன், கீழக்கரைக்காரர், பாலிஷ் போடுகிறவர். இருவரும் மாமன் மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அலாவுதீனுக்கு ஒரே மனக்குறைதான்: அரக்குப் பாலிஷ் கை நிறையத் தெரியும், அதைப் போட ஒரு நல்ல மரம் இந்த ஊரில் கண்ணில் படவில்லை.

அந்த இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் கார்மேகத்துக்கு ஒரே ஒரு காரியம்தான் முக்கியமாக இருந்தது. ஆவணியில் ஊருக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். மடியில் தங்கை உமாராணியின் மகள் இளவேனில் இருப்பாள். எதிரே பத்தர் ஊசியோடு இருப்பார். பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். உமாராணிக்கு உடன்பிறந்தவர் என்று இருப்பது இவர் ஒருவர்தான். அதிலும் ஒற்றைப்படை வயசில்தான் குத்த வேண்டும் என்று ஒரு முறை. ஒரு வயசு நடந்தபோது இவர் தோஹாவுக்கு விமானம் ஏறிவிட்டார். மூன்று நடந்தபோது லீவு கிடைத்தது, கூடவே பங்காளி வீட்டுத் தீட்டும் வந்து சேர்ந்தது. இப்போது ஐந்து நடக்கிறது. புரட்டாசி பிறந்தால் ஆறு. இதை விட்டால் பிள்ளை மூளிக் காதோடு பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். பால்வாடியிலேயே மற்ற பிள்ளைகள் "மூளி, மூளி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதாக உமாராணி போனில் அழுதாள்.

"ஒண்ணுவிட்ட மாமன் யாரையாச்சும் உக்கார வச்சு முடிச்சிருவமாண்ணே? அவுக வீட்டுல எல்லாரும் கேக்குறாக."

கார்மேகத்துக்குச் சுருக்கென்றது. "நான் உசிரோட இருக்கைல வேற மடியா? ஆவணி மொத முகூர்த்தம். எழுதி வச்சுக்க."

பிறகு இளவேனில் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் மாமனைப் பார்த்தது மூன்று வயசில், அதுவும் இருபது நாள். மாமன் முகம் அவளுக்கு மறந்துவிட்டது. மடி என்று ஒன்று இருக்கிறது, அது எங்கேயோ தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். "மாமா, உன் மடி எப்ப வருது?" என்று கேட்டாள்.

"பிளேன்ல வருது தாயி. டிக்கெட்டு போட்டாச்சு."

டிக்கெட் போட்டாயிற்று, லீவும் பாஸாகிவிட்டது. மிச்சம் இருந்தது எக்ஸிட் பெர்மிட். கஃபீல், அதாவது விசா கொடுத்து எடுத்த முதலாளி, கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் கத்தாரை விட்டு வெளியே போக முடியாது. விமானத்தைத் தலைக்கு மேலே வேடிக்கைதான் பார்க்கலாம். கஃபீல் அபு ராஷித், கம்பெனியில் எல்லோருக்கும் அர்பாப், அறுபது தாண்டியவர். பழைய சாமான் பிரியர். சத்தம் போடுவார், ஆனால் அவர் கோபம் தாளில் இறங்காது என்று கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. கோபமாக எதையாவது எழுதுவாராம், நடுவில் நின்று தானே சிரித்துக் கிழித்துப் போட்டுவிடுவாராம். அதனால் கார்மேகம் பெர்மிட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அப்போதுதான் அந்த மேஜை வந்தது.

நான்கு கம்பளியில் சுற்றி, பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார் ரவிசங்கர். திருச்சிக்காரர், ஆபீஸ் மேனேஜர், குடும்பத்தோடு ஃபிளாட்டில் இருக்கிறவர். சனாயாப் புழுதி பட்டால் தும்முகிறவர்.

"கார்மேகம், இது அர்பாபோட சொந்த ரைட்டிங் டெஸ்க். இத்தாலி. ஐம்பத்து நாலுல செஞ்சது. பாலிஷ் மட்டும்தான். வேற எதையும் தொடக்கூடாது, புரியுதா?" என்று சொல்லித் தும்மினார்.

"சரிங்க சார்."

கம்பளியை விலக்கியதும் தச்சுக்கூடத்தில் ரம்பச் சத்தம் நின்றது. வால்நட் மரம். நான்கு கால்களும் மேலே திரண்டு, கீழே வர வர மெலிந்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டியிருந்தது. மேற்பலகையின் ஓரங்கள் கை வைத்தால் உள்ளங்கைக்குள் வந்து உட்காரும்படி இழைக்கப்பட்டிருந்தன. இழுப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் முன்பக்கம் இல்லாமல் இடது விலாவில். உடம்பு முழுக்கத் தேடினாலும் ஓர் ஆணி கிடையாது. அலாவுதீன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு மாப்ளே" என்றார்.

கார்மேகத்தின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று. ரசமட்டத்தை மேஜை மேல் வைத்து, இடது மூலையில் கையை ஊன்றினார். குமிழி விறுவிறுவென்று ஓரத்துக்கு ஓடியது. குனிந்து அளந்தார். இடது முன்கால் மூன்று நூல் குட்டை. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்பது தச்சுக் கணக்கு. மூன்று நூல் என்றால் விரல் நுழைகிற சந்து. முழங்கையை ஊன்றினால் மேஜை டக்கென்று சாய்ந்தது.

"ஐயோ பாவம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "இம்புட்டு வேலையும் செஞ்சு கடைசியில காலறுக்கைல கோட்ட விட்டுட்டானே. அன்னைக்கு அந்த மனுசனுக்கு வீட்டுல என்ன பிரச்சினையோ."

"சார் என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்றார் அலாவுதீன்.

"பாலிஷ் போட்ட கோணலும் கோணல்தான் மாமா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னதோட விட்டா. நீ கூடத்தையே நிமித்தணும்னு நிக்கிற. சும்மா கிடக்குற சங்க ஊதிக் கெடுக்காத."

கார்மேகம் கேட்கவில்லை. அவர் தொழில் பழகிய கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு வேலைக்காரன் செய்த பொருள் கைக்கு வந்து, அதில் அவன் சறுக்கியது தெரிந்தால், யாரிடமும் சொல்லாமல் சரிசெய்து அனுப்பிவிட வேண்டும். வீட்டுக்காரனுக்குத் தெரியக்கூடாது, கூலி கேட்கக்கூடாது. தொழில்காரன் மானத்தைத் தொழில்காரன்தான் காப்பாற்ற வேண்டும். செத்துப்போன இத்தாலிக்காரனானாலும் சரி. ஐம்பது வருஷமாக இந்த மேஜை நொண்டிக்கொண்டு நிற்கிறது. அபு ராஷித்தும் பெரிய மனிதர், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பொறுத்துக்கொண்டிருக்கிறார். இப்படியெல்லாம் யோசித்து, நியாயத்தைத் தன் பக்கம் நன்றாக நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலை நடந்தது. பித்தளைக் குப்பியின் ஒற்றைத் திருகைக் கழற்றி, ஒரு வில்லாவில் பிரித்த பழைய கதவுச் சட்டத்திலிருந்து மூன்று நூல் கனத்துக்கு ஒரு வால்நட் வில்லை அறுத்தார். ரேகை ஓடும் திசை பார்த்துக் குப்பிக்குள் இறுக்கமாக உட்கார வைத்து, திரும்ப முடுக்கினார். பசை போடவில்லை. புதுத் துண்டு ஒரு வாரம் பாரம் தாங்கி உட்கார்ந்த பிறகுதான் பசை என்பது அவர் முறை. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. முழங்கையால் குத்தினார், மேஜை பாறையாக நின்றது. அன்றைக்கு மெஸ்ஸில் இரண்டாம் தடவை சோறு வாங்கினார்.

அலாவுதீன் நான்கு நாள் அரக்குப் பாலிஷ் ஏற்றி, மேற்பலகையில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். பசைக்கு நாள் வருவதற்கு முன்பே ரவிசங்கர் வந்து மேஜையைக் கொண்டுபோய்விட்டார். "சூப்பரா இருக்கு. வேற எதையும் தொடலையே?" என்று கேட்டார். கார்மேகம் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "பாலிஷ் நல்லா வந்திருக்கு சார்" என்றார். அது பொய் இல்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் சுற்றறிக்கை வந்தது. டீ குடிக்கிற நேரம் பதினைந்து நிமிஷத்திலிருந்து ஐந்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை: கேம்ப்பில் வெள்ளிதோறும் போடுகிற பிரியாணி நிறுத்தம். திங்கள்: வாட்ச்மேன் வளர்க்கும் பூனை வெளியேற்றப்பட வேண்டும். எட்டு வருஷமாக இருக்கிற பூனை அது. அதற்கு விசா மட்டும்தான் இல்லை. செவ்வாய்: யாருக்கும் லீவு கிடையாது. கார்மேகத்தின் எக்ஸிட் பெர்மிட் தாளும் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது. அரபு படிக்கத் தெரிந்த அலாவுதீன் அதைப் பார்த்துவிட்டு, "மாஃபி" என்றார். கிடையாது என்று அர்த்தம். அதன் கீழே கோடு போட்ட அழுத்தத்தில் தாள் கிழிந்திருந்தது.

கார்மேகம் அந்தத் தாளைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விமானம் வியாழக்கிழமை. இன்னும் இரண்டு நாள். ஒண்ணுவிட்ட மாமன் ஒருவன் வேட்டியை உதறிக்கொண்டு தன் இடத்தில் உட்காருவது அவர் கண் முன்னால் தெரிந்தது. அழுகை வந்தது, ஆறு பேர் இருக்கிற ரூமில் அழ முடியாமல், எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார்.

ரவிசங்கருக்கே ஒன்றும் புரியவில்லை. "இருபது வருஷமா அவர்கிட்ட இருக்கேன் கார்மேகம். கோபமா எழுதுவார், அப்புறம் கிழிச்சுடுவார். இந்த வாரம் ஒண்ணைக்கூடக் கிழிக்கலை. அப்படியே சைன் பண்ணி அனுப்புறார். சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வீட்டுல சொல்லியிருக்கேன். பெர்மிட்டை நாளைக்கு இன்னொரு தடவை வெச்சுப் பார்க்கிறேன்."

மறுநாள் காலையில் வேறு செய்தி வந்தது. மேஜைக்குப் பாலிஷ் போட்டவனை அழைத்து வா என்று அர்பாபிடமிருந்து உத்தரவு. "என் வேலையில என்ன குறை மாப்ளே? முகம் பாக்குற மாதிரி கொடுத்தேனே" என்று அலாவுதீன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கார்மேகம், "நானும் வாறேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். ஏன் ஏறினார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. வழி நெடுக ரசமட்டத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார், குமிழி ஓரத்துக்கே ஓடிக்கொண்டிருந்தது.

அபு ராஷித் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ரவிசங்கர் தமிழில் சொன்னார்.

அபு ராஷித் வாலிபத்தில் படிக்கப் போன ஊர் இத்தாலியில் இருக்கிற தூரின். அவர் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு தச்சுப் பட்டறை. அதன் சொந்தக்காரர் ஒத்தாவியோ என்ற கிறுக்கர். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, ஒரு காலில் சிவப்பு. எழுத்து மேஜை மட்டும்தான் செய்வார், வாழ்நாளில் மொத்தம் பதினேழு செய்தார். மேஜை வேண்டும் என்று வருகிறவனை உட்கார வைத்து, உனக்கு யாரைக் கண்டால் ஆகாதோ அவருக்கு ஒரு கடிதம் எழுது என்பார். எழுதுகிறவன் கோபத்தில் இடது முழங்கையை எவ்வளவு அழுத்துகிறான் என்று தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார். அதற்குத் தக்கபடி இடது முன்காலைக் குறைத்து அறுப்பார். சாதாரணமாக எழுதினால் மேஜை அசையாது. கோபத்தில் அழுத்தினால் டக்கென்று சாயும். எழுதுகிறவன் திடுக்கிட்டு நிமிர்வான், எழுதியதை ஒருமுறை படிப்பான், கிழித்துப் போடுவான். கிழித்த தாள்களை வாடிக்கைக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது ஒத்தாவியோ போட்ட நிபந்தனை. அவற்றைப் பஞ்சுக்குப் பதில் திணித்து ஒரு திண்டு தைத்து, அதன் மேல்தான் உட்காருவார். "ஊரில் பாதிக் குடும்பத்தின் சண்டை என் அடியில் இருக்கிறது" என்பாராம்.

"இந்த மேஜைதான் அவர் முதல்ல செஞ்சது. தனக்காகச் செஞ்சதாம்" என்று ரவிசங்கர் தொடர்ந்தார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவர் தம்பிக்கு ஒரு தடவை கோபத்துல ஒரு லெட்டர் எழுதிப் போஸ்ட் பண்ணிட்டார். தம்பி அதுக்கப்புறம் வரவே இல்லை. கடைசி வரைக்கும். அதுக்கப்புறம்தான் இதைச் செஞ்சார். நம்ம அர்பாப் அங்க படிக்கும்போது இவங்க அப்பாகூட ஏதோ தகராறு. ஊருக்கே வரமாட்டேன்னு எழுதப் போயிருக்கார். இங்க உட்கார்ந்து எழுதுன்னு ஒத்தாவியோ சொல்லியிருக்கார். டக்குன்னு சாஞ்சிருக்கு. அடுத்த மாசம் ஊருக்கு வந்துட்டார். வரும்போது ஒத்தாவியோ இதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிச்சுட்டாராம்."

அபு ராஷித் மேஜையைத் தட்டினார். இத்தனை வருஷம் இது என்னோடு பேசியது, இப்போது ஒரு வாரமாக ஊமையாக நிற்கிறது, இந்தப் பாலிஷ்காரன் இதை என்ன செய்தான் என்று கேட்டார்.

கார்மேகத்துக்குக் காது இரண்டும் சுட்டது. டீ, பிரியாணி, பூனை, லீவு, தன் பெர்மிட். எல்லாம் அந்த மூன்று நூல். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது இதுதான். இவர் வினை ஊரையே சுட்டுவிட்டு, கடைசியில் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அபு ராஷித் ஒரு தாளை எடுத்துவிட்டார். "கேன்சல். கலாஸ்", முடிந்தது என்றார். அலாவுதீனை விசா ரத்து செய்து ஊருக்கு அனுப்புகிற தாள். போனால் திரும்பி வர முடியாது. அலாவுதீனின் உதடு ஓசையில்லாமல் ஓதிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியும் யார் செய்தது என்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை, கார்மேகத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கார்மேகத்தைக் குத்தியது. பேசாமல் இருந்தால் பெர்மிட்டுக்கு இன்னும் ஒரு வழி இருந்தாலும் இருக்கலாம். இளவேனிலின் காது ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சார், அவரு இல்ல. நான்தான்" என்றார்.

ரவிசங்கர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடிய கண்ணோடே ஆங்கிலத்தில் சொன்னார். அபு ராஷித் கார்மேகத்தை ஏற இறங்கப் பார்த்தார், அலாவுதீன் பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதினார். இடது முழங்கையை ஊன்றி, பேனாவை அழுத்தி, எழுதிக்கொண்டே போனார். மேஜை ஓர் இம்மி அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை. ஒரு மட்டமான பலகையைப் பார்த்து கார்மேகத்துக்கு எரிச்சல் வந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

"அர்பாப், ஏக் மினிட்" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் தரையில் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தார்.

"கார்மேகம்! என்ன பண்றீங்க? வெளியில வாங்க!" என்று ரவிசங்கர் பதறினார்.

"அவரு எழுதட்டும் சார். நிறுத்தச் சொல்லாதீங்க."

தோளால் மூலையை ஒரு விரல் உயரம் தூக்கி, சாவி முனையால் குப்பியின் திருகைச் சுழற்றினார். நல்லவேளை, பசை போடவில்லை. வால்நட் வில்லை உள்ளங்கையில் விழுந்தது. குப்பியை முடுக்கிவிட்டுத் தோளை மெல்ல இறக்கினார். மேலே பேனாச் சத்தம் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டது. முழங்கை அழுந்தியது.

டக்.

பேனா தாளின் குறுக்கே சர்ரென்று ஓடிற்று. மேஜைக்கு அடியில் இருந்த கார்மேகத்துக்கு அபு ராஷித்தின் செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டும் ஒரே நிறம் என்று ஏனோ கவனித்தார். மறுபடி ஒரு டக். மறுபடி இன்னொன்று. பிறகு மேலேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், பிறகு வயிற்றில். "ஒத்தாவியோ!" என்று கூப்பிட்டுக்கொண்டு கிழவர் சிரித்தார். தாள் நான்காகக் கிழிகிற சத்தம் கேட்டது. கிழிந்த துண்டுகள் இடது விலா இழுப்பறைக்குள் போயின. அந்த இழுப்பறை எதற்கு என்று கார்மேகத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏன் இப்படிச் செய்தான் என்று அபு ராஷித் கேட்டார். அடியில் இருந்தபடியே கார்மேகம் பதில் சொன்னார். "அந்த ஆளு தெரியாம அறுத்துட்டாருன்னு நெனச்சேன் சார். பேரு கெட்டுப் போயிரக்கூடாதேன்னு, யாருக்கும் சொல்லாம சரிபண்ணி விட்டேன்."

ரவிசங்கர் அதை மொழிபெயர்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அபு ராஷித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். "ஒத்தாவியோ இருந்திருந்தா உங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பாராம். அப்புறம் அந்த ரசமட்டத்தை உடைச்சிருப்பாராம்" என்றார் ரவிசங்கர். "வெளியில வாங்க, பெர்மிட்டை எடுங்க."

அபு ராஷித் பெர்மிட்டில் சாதாரணமாகத்தான் கையெழுத்துப் போட்டார். ஆனால் சிரிப்பு இன்னும் அடங்காததால் முழங்கை அழுந்தி, கடைசி எழுத்துக்கு ஒரு நீண்ட வால் முளைத்துவிட்டது. விமான நிலையத்து அதிகாரி அந்த வாலைச் சந்தேகத்தோடு இரண்டு தடவை பார்த்தார். முத்திரை விழுந்தது. கேம்ப்பில் வெள்ளிக்கிழமை பிரியாணி திரும்ப வந்ததையும், முதல் பந்தியில் பூனை உட்கார்ந்ததையும் அலாவுதீன் போனில் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

குலசாமி கோயில் வேப்பமரத்தடியில், ஆவணி முதல் முகூர்த்தத்தில், கார்மேகம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு இளவேனில் மடியில் ஏறினாள். முதலில் இப்படியும் அப்படியும் அசைந்து, உட்கார்ந்து பார்த்து, "கெட்டியா இருக்கு" என்றாள். கார்மேகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

பத்தர் இரண்டு காதிலும் மையால் புள்ளி வைத்தார். கார்மேகம் ரசமட்டத்தை எடுத்துப் பிள்ளையின் தாடைக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எடது பக்கம் ஒரு மயிரிழை எறக்குங்க" என்றார். பத்தர் அழித்துவிட்டு வைத்தார். "இன்னும் கொஞ்சம்." பத்தர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நான் குத்தவா, நீங்களே குத்திக்கிறியளா?" என்றார். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

வலது காது முடிந்தது. அவ்வளவுதான், கோயிலே அதிரும்படி இளவேனில் அலறினாள். இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். நான்கு பேர் வந்து கையையும் தலையையும் பிடித்தார்கள். "வேணாம், மாமா, வேணாம்" என்று உடம்பை வில்லாக வளைத்தாள். உமாராணியும் கூடச் சேர்ந்து அழுதாள். பத்தர், "நல்லா அமுக்கிப் பிடிங்கப்பா" என்றார். "யாரும் பிடிக்க வேணாம், எல்லாம் விடுங்க" என்றார் கார்மேகம்.

விட்டார்கள். கார்மேகம் இடது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக் கீழே விட்டார். மூன்று நூல் இருக்கும். "டக்" என்றார்.

இளவேனிலின் அழுகை பாதியில் நின்றது. கீழே பார்த்தாள், மாமனைப் பார்த்தாள். முழங்கால் மேலே வந்தது. மறுபடியும் இறங்கியது. "டக்."

"மாமா, உன் மடி ஆடுது!" என்று கண்ணீரோடு கலகலவென்று சிரித்தாள். பொத்தியிருந்த கை தானாக இறங்கியது. பத்தர் கெட்டிக்காரர்; அந்தச் சிரிப்பிலேயே ஊசியை ஏற்றி முடித்துவிட்டார்.

சிரித்த வேகத்தில் தலை ஆடியிருந்தது. இடது காதின் துளை புள்ளியில் விழாமல் அரை நூல் மேலே விழுந்திருந்தது. கார்மேகத்துக்கு அது உடனே தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது சரோஜாவுக்கும் தெரிந்தது. இந்த மனிதர் எல்லார் முன்னாலும் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உமாராணி மூக்கை உறிஞ்சியபடி, "என்னண்ணே அப்படிப் பாக்குறீக? கோணலா இருக்கா?" என்று கேட்டாள்.

கார்மேகம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ரசமட்டம் விரலில் பட்டது. அதன் பக்கத்தில் அந்த வால்நட் வில்லையும் இருந்தது. இரண்டையும் எடுக்காமல் கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

மடியில் இருந்தவள் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இன்னொருக்கா ஆட்டு மாமா."

கார்மேகம் ஆட்டினார்.